மாப்பிள்ளை குளித்த ரேடியேட்டர் தண்ணீர்

தென்காசி வட்டாரத்தில் என் டிரைவர் வெந்நியைப் போல் தண்ணீரை மதித்த மனிதன் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை. அவன் வாரத்துக்கு ஒரு நாள்தான் குளிப்பான் என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு என் பெயரில் ஐந்து பஸ் ஓடுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். யார் தயவிலும் மேலே வந்தவனில்லை. ஆனால் யுத்தத்துக்கு முந்தி என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு குட்டிக் கார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டி ஓய்ந்து விற்றது. அதை வாடகைக்கு விட்டேன். அதற்கு டிரைவராக வந்தவன் எந்நேரமும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "வெந்நி ஆயிட்டு, வெந்நி ஆயிட்டு" என்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

வந்த முதல் நாளே ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து, உள்ளே கிடந்த செங்காவித் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தான்.

"என்னவே செய்யுதீரு?"

"உப்பு மொதலாளி. யாரோ கெணத்துத் தண்ணிய ஊத்தியிருக்கான். வீட்டு வெந்நிப் பானையில வெள்ளையா உப்பு படியும்லா, அதே மாதிரி இதுக்குள்ளயும் படியும். குழாயெல்லாம் அடைச்சிட்டா எஞ்சின் வெந்துரும்."

"அதை நக்கிப் பாக்கணுமாவே?"

"கண்ணால பாத்தா உப்புத் தெரியுமா?"

அதோடு விட்டானா? சாரல் தொடங்கியதும் ரேடியேட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தான். நானும் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். எண்ணெய் தேய்த்து நின்ற கூட்டத்தோடு இவனும் நின்றான். தன் முறை வந்ததும் அதைத் தலைகீழாக அருவியில் பிடித்தான். கீழ்வாயில் புகுந்த தண்ணீர் துருவையெல்லாம் மேல்வாய் வழியாகத் தள்ளிக் கொட்டியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை முதல் கால் வரை காவியாகிப்போனார்.

"ஏலே, மனுசன் குளிக்கவே எடமில்ல. இரும்புக்கு என்னலே குளியலு?"

"ஒடம்புச் சூடு தணியத்தான அண்ணாச்சி நீங்களும் வந்திருக்கிய? இதுக்கும் அதே சீக்குதான்."

நான் அவனைத் தெரியாதவன் போலப் பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அன்று முதல் வண்டியில் ஒரு தகரம் நிறைய அருவித் தண்ணீர் இருக்கும். வயசான வண்டி, போகிற வழியில் செம்பு செம்பாகக் குடிக்கும். வேறு தண்ணீரை அவன் ஊற்ற விடமாட்டான்.

இந்த நிலையில் ஒரு கல்யாண வாடகை வந்தது. மாப்பிள்ளையைக் கடையத்திலிருந்து ஆய்க்குடி முருகன் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் தகப்பனாருக்குக் குற்றாலத்தில் பங்களா உண்டு. முகூர்த்தத்துக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தால் சீசன் முழுக்க அவர் விருந்தாளிகளுக்கு என் வண்டிதான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சேர்க்காவிட்டால் அந்த வட்டாரத்தில் என் வண்டியில் ஒருத்தன் ஏறமாட்டான்.

கடையத்தில் இட்லி சாப்பிட வெந்நி போயிருந்தான். மாப்பிள்ளையின் தாயார் தகரத்தைப் பார்த்துவிட்டார்.

"குத்தாலத் தண்ணியா? பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துனா மேலுக்கு நல்லதுல்லா."

"தாராளமா எடுத்துக்கிடுங்க ஆச்சி" என்றேன். கொடுத்தே பழகிய கை என்னுடையது.

வெந்நி திரும்பி வந்து, காலித் தகரத்தையும் தலை சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளையையும் பார்த்தான். இழவு விழுந்த வீட்டு முகம்.

"வண்டிக்கு வச்சிருந்தத அவருக்கு ஊத்திட்டியளே மொதலாளி."

"கெணத்துத் தண்ணிய ஊத்தும்வே."

"அது மட்டும் நடக்காது. தென்காசி வரைக்கும் தாங்கும். அங்கன ஆத்துல மொண்டுக்கிடுவோம்."

தாங்கவில்லை. நாலு பேர் ஏறும் வண்டியில் மாப்பிள்ளையோடு ஏழு பேர். தென்காசிக்கு இரண்டு மைல் இருக்கும்போது வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. பக்கத்திலேயே வாய்க்கால்.

"ஏலே டிரைவரு, மொண்டு ஊத்துலே" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"ஆறட்டும். கொதிக்கிற எஞ்சின்ல பச்சத் தண்ணி பட்டா இரும்பு பிளந்துரும்."

"முகூர்த்தம் பிளந்துரும்லே!"

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாங்கிய வண்டி, எனக்குத் தெரியாததா? துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். "மொதலாளி" என்று கத்திக்கொண்டே வெந்நி என்னைப் பிடித்துத் தள்ளினான். மல்லாக்க விழுந்தேன். மூடி பறந்தது. என் முகத்துக்கு வந்த ஆவியும் வெந்நீரும் அவன் முழங்கை வரைக்கும் அடித்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் பொங்கியது.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லல்லா?" என்றான். பிறகு, "மூடி எங்கன விழுந்துச்சுன்னு பாருங்க."

வெந்த கையை வாய்க்காலில் முக்கி உட்கார்ந்தான். மறு கையால் அள்ளி ஒரு வாய் குடித்தான்.

"நம்ம அருவித் தண்ணிதான். வயலச் சுத்திக்கிட்டு வந்திருக்கு. மண்ணு மட்டும் வடிகட்டணும்."

அவன் கண் மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் போய் நின்றது. மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பட்டு தகரத்தின் வாயில் ஏறிவிட்டது.

எஞ்சின் ஆறியபின் ஊற்றினோம். ஆய்க்குடியில் நாகஸ்வரக்காரர் மூச்சு முட்டிக் களைத்திருந்த சமயம் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தம் தவறவில்லை. தோளில் சேற்றுப் பட்டோடு மாப்பிள்ளை தாலி கட்டினார். சீசன் வாடகையும் எனக்கே வந்தது.

மறுநாள் வெந்நி கையில் கட்டோடு கிடந்தான். தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நானே நடந்துபோய் நிரப்பி வந்து, அவன் முன்னால் இறக்கினேன். முதலாளி சுமந்து வந்ததாயிற்றே என்று ஒரு மரியாதை வேண்டாமா? விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான், "அருவித் தண்ணிதான்" என்றான்.

என்னைச் சோதித்துப் பார்க்க இந்த உலகத்தில் அவன் ஒருத்தனைத்தான் நான் விட்டேன்.