பதினாலாவது விதி

மடியில் கால் கிலோ வரமிளகாயை வைத்துக்கொண்டு கதிரேசன் கிணத்துக்கடவைத் தாண்டியபோது நெறியாளரிடமிருந்து போன் வந்தது. மணி ஏழரை. பதினோரு மணிக்குக் கோயமுத்தூரில் அவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கார் போய்க்கொண்டிருந்ததோ ஆனைமலைக்கு.

"கதிரேசா, மேடம் வந்தாச்சா?" என்றார் நெறியாளர் ஞானாபரணம்.

மேடம் பின்சீட்டில்தான் இருந்தார். சென்னையிலிருந்து வந்த புறத்தேர்வாளர், பேராசிரியர் மதிவதனி. ரயிலை விட்டு இறங்கியதுமே, "முதல்ல மாசாணியம்மன் கோயிலுக்குப் போகணும். ஒரு பிரார்த்தனை," என்று சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடப்போகிறவர் கேட்டால் எந்த மாணவன் மாட்டேன் என்பான்? அதுவும் நாற்பத்தொரு வயது மாணவன்?

ஆனால் தேர்வு நாளில் தேர்வாளரைக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைவதாகத் தெரிந்தால் ஞானாபரணம் கொன்றுவிடுவார்.

"ரயில் லேட்டுங்க சார்."

"போன்ல பாத்தேனே. ஆறேகாலுக்கே வந்துட்டதாப் போட்டிருக்கு."

"அதானுங்க, ரயில் வந்துருச்சுங்க. மேடத்துக்குத்தான் வயிறு சரியில்லீங்க. ரூம்ல படுத்திருக்காங்க."

பின்சீட்டில் மதிவதனி மூன்றாவது போண்டாவை முடித்துவிட்டு, "சட்னி பிரமாதம்," என்றார்.

கதிரேசன் பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். பட்டம் கிடைத்ததற்கான சான்று கையில் இருந்தால் வேலை அநேகமாக நிச்சயம். இல்லாவிட்டால் மறுபடியும் எத்தனை வருடம் தற்காலிகமோ, அது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவர் ஆராய்ந்த பொருள், வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகம் ஒன்றில் பைலட்டுகளுக்கு இருந்த விதிமுறைகள். கப்பலைக் கேப்டன் தன் இஷ்டத்துக்குத் துறைமுகத்துக்குள் ஓட்டிவர முடியாது. உள்ளூர்ப் பைலட் ஒருவர் படகில் போய்க் கப்பலில் ஏறி, மணல்திட்டில் தட்டாமல் வழிகாட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தலைப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நெறியாளர் கொடுத்தாருங்க," என்பதே கதிரேசனின் பதில். அவர் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். ஐந்து இயல்களில் நான்கை ராப்பகலாகக் கண்விழித்துத் தானே எழுதினார். மிச்சம் ஒன்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

"இன்னைக்கு நான்தானுங்க மேடம் உங்களுக்குப் பைலட்," என்றார் கதிரேசன், மேடத்தைக் குளிர்விக்கும் நோக்கத்தோடு. "பத்திரமாக் கரை சேத்திருவேனுங்க."

"அப்படின்னா பதினாலாவது விதிப்படி உங்களுக்கு நான்தானே சாப்பாடு போடணும்?" என்று சிரித்தார் மதிவதனி.

கதிரேசனுக்கு வாயெல்லாம் பல். ஆய்வேட்டை முழுசாகப் படித்துவிட்டு வந்திருக்கும் தேர்வாளரை அவர் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பைலட் கப்பலில் இருக்கும்வரை, கேப்டன் சாப்பிடும் அதே சாப்பாட்டை, அதே மேசையில், அதே சூட்டில் அவருக்கும் பரிமாற வேண்டும் என்பது பதினாலாவது விதி.

"அந்த விதியை எங்க பாத்தீங்க?"

"ஆவணக் காப்பகத்துலதானுங்க மேடம். என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். அந்தத் தூசியில மூணு நாளு தும்மலுங்க."

"பாவம்," என்றார் மதிவதனி.

டிரைவர் அக்பர் அலி கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

பொள்ளாச்சி தாண்டியதும் மறுபடி ஞானாபரணம். "கதிரேசா, வயிறு சரியில்லாதவங்களுக்கு மட்டன் பிரியாணி ஆகாதுப்பா. கேன்சல் பண்ணிட்டேன். எல்லாருக்கும் நொய்யரிசிக் கஞ்சி சொல்லியாச்சு."

"எல்லாருக்குமா சார்?"

"அவங்க கஞ்சி குடிக்கறப்ப நாம எதிர்ல உக்காந்து எலும்பு கடிச்சா நல்லாவா இருக்கும்?"

நாற்பது பேர். துறையில் பாதிப்பேர் தேர்வுக்கு வருவதே அந்தப் பிரியாணிக்காகத்தான். கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாசாணியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். தொண்ணூறு நாளுக்குள் அம்மன் நியாயம் கேட்டுவிடுவாள் என்பது நம்பிக்கை.

"ஏனுங்க மேடம், என்ன திருட்டுப் போச்சுங்க? நகைங்களா?"

"நகையை விடப் பெரிசு. நாலு வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது."

"அடப் பாவி!"

"எனக்குத் தோள் வலி. நீங்க கொஞ்சம் அரைச்சுத் தர்றீங்களா?"

இதைவிட நல்ல வாய்ப்பு வாய்மொழித் தேர்வில்கூடக் கிடைக்காது. கதிரேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் கிலோவையும் மைபோல அரைத்தார். மேடத்துக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டே வேண்டினார்.

"தாயே, ஒழைச்சவங்க பொருளைத் திங்கறவன் நல்லா இருப்பானா? அவன் பொழப்புல மண்ணு உழோணும். நாலு பேருக்கு முன்னால அவனை நிறுத்திப்போடோணும் தாயே!"

"போதும், போதும்," என்றார் மதிவதனி. "இவ்வளவு கடுமையா நானே நினைக்கலை."

கதிரேசன் கை கழுவக் குழாயைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்பர் அலியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உச்சுக் கொட்டினார். நல்ல மனுஷி, டிரைவரிடம்கூட மனசு விட்டுப் பேசுகிறாரே என்று கதிரேசனுக்கு மரியாதை கூடியது. நெற்றி வியர்வையைத் துடைத்தார். கை தவறிக் கண்ணில் பட்டுவிட்டது.

அதன்பிறகு பொள்ளாச்சி வரை அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் வழி சொல்வதை நிறுத்தவில்லை.

"பைபாஸ் வேண்டாமுங்க. ஊருக்குள்ள உடுங்க, சீக்கிரமாப் போயிரலாம்."

"சார், இன்னைக்கு வியாழக்கிழமைங்க. சந்தைங்க," என்றார் அக்பர் அலி.

"நாஞ் சொல்றேன், உடுங்க."

உள்ளே விட்டார். முன்னால் முப்பது எருமைகள், பின்னால் ஒரு வைக்கோல் லாரி. முக்கால் மணி நேரம் கார் அங்குலம் நகரவில்லை. எருமை ஒன்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொம்பால் நெம்பிக் கையோடு எடுத்துக்கொண்டு போனது.

"இதுக்கு யாரு சார் பொறுப்பு?" என்றார் அக்பர் அலி.

"ஒன்பதாவது விதி," என்றார் மதிவதனி பின்னாலிருந்து. "பைலட் தப்பா வழி காட்டினாலும் பொறுப்பு கேப்டனோடது. அந்த விதி மட்டும் நிஜம்."

கண் எரிச்சலில் கதிரேசனுக்கு அந்தக் கடைசி வார்த்தைகள் சரியாக உறைக்கவில்லை.

கல்லூரிக்குள் நுழைந்தபோது மணி ஒன்று. நாற்பது பேரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி போன சேதி பரவியிருந்ததால் யார் முகத்திலும் அருளில்லை. கதிரேசன் மேடையேறினார். இரண்டு கண்ணும் கோவைப்பழம். தாரை தாரையாக நீர்.

மதிவதனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதினாலாவது விதியை ஆவணத்துல நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க மேடம்." கதிரேசன் கண்ணைத் துடைத்தார். இன்னும் அதிகமாக வழிந்தது. "என்ற ரெண்டு கண்ணால பாத்தேனுங்க!"

ஆராய்ச்சியின் மேல் இப்படியொரு பற்றா என்று முதல் வரிசையில் ஒரு பேராசிரியை மூக்கை உறிஞ்சினார். ஞானாபரணம் கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. கதிரேசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை என்ன சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டார்.

மதிவதனி நிதானமாக எழுதிக் காகிதத்தை நீட்டினார். ஞானாபரணம் வாங்கிப் படித்தார். "நான்காம் இயலை மட்டும் ஆய்வாளர் தாமே புதிதாக எழுதித் தொண்ணூறு நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அதுவரை பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம் இது?"

"அந்த ஆவணத்துல பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சுதான் சார். நடுவுல இருக்கற பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சு. மத்தியானச் சாப்பாடு கிடைக்காம அங்க உக்காந்திருந்த ஒரு பொண்ணு, பசியில விளையாட்டா எழுதிவெச்சது அந்தப் பதினாலாவது விதி."

 பைண்டிங் கடை மூலையில் அட்டை கிழிந்து கிடந்த அந்தப் பழைய ஆய்வேட்டின் நகல் கதிரேசனின் கண்முன் வந்து நின்றது. அட்டை இல்லாத புத்தகத்துக்கு ஆள் ஏது என்றுதானே அன்றைக்கு எடுத்து வந்தார்? அதை எழுதிய பெண் யாராக இருக்கும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தடித்த அட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அக்பர் அலி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மேடம், நீங்க எழுதுன பொஸ்தகத்தைக் கார்லயே உட்டுட்டு வந்துட்டீங்க. நாலாவது பாடத்தை எவனோ திருடிட்டான்னு கோயில்ல கண்ணு கலங்குனீங்களே, அது இதுக்குள்ளயே பத்திரமா இருக்குதுங்க!"