ஆறாவது வரிசை

ஒரு மனிதரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் தப்பி ஓடியவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போது ஓசூரில் ஒரு இன்ஜின் கம்பெனியில் தரப் பரிசோதகராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். வேலை நிரந்தரமாகவில்லை. சூளகிரிக்கு அப்பால் மூடிக் கிடந்த ஒரு சின்ன தொழிற்கூடத்தை எங்கள் கம்பெனி வாங்கியிருந்தது. எந்த இன்ஜினுக்குள்ளும் போகாமலே துருப்பிடித்துவிட்ட கிராங்க்ஷாஃப்டுகள் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தன. (பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதைச் சுற்றலாக மாற்றும் இரும்புத் தண்டு. மூன்று வயதுக் குழந்தையின் கனம் இருக்கும்.)

"எது தேறும், எது தேறாதுன்னு பாத்து எழுதிட்டு வாம்மா," என்றார் மேனேஜர் குமரேசன் சார். "தேறாததை எடைக்குப் போட்டுடலாம். நீ எழுதறதுதான் முடிவு."

அந்தக் கடைசி வாக்கியம் என் தலைக்கு ஏறிவிட்டது. துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டவரிடம், "எதுக்கு சார்?" என்றேன்.

நடுப்பகல். கேட்டில் வாட்ச்மேன் இல்லை. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. பூட்டு சாவியோடு தொங்கியது. குனிந்து உள்ளே போனேன். நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் வெளியிலேயே நின்றுவிட்டது. எண்ணெய்த்தாள் சுற்றிய தண்டுகள் ஆறு வரிசைகளாகக் கொக்கிகளில் தொங்கின. காற்றே இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு தாள் சரசரத்தது. (எலி என்று முடிவு செய்தேன். அன்று நான் தைரியமாக எடுத்த கடைசி முடிவு அது.)

முதல் தண்டின் தாளைப் பிரித்தேன். பளபளத்த இரும்பின்மேல், துருவாலேயே வரைந்ததுபோல ஒரு கை. உள்ளங்கை, கட்டைவிரல், மூன்று விரல்கள். சுண்டுவிரல் இல்லை. அடுத்த தண்டிலும் அதே கை. பத்துத் தண்டுகளைப் பிரித்தேன். பத்திலும் அதே நாலு விரல், அதே இடத்தில், யாருடைய கழுத்தையோ பிடித்ததுபோல.

படித்த வேலையைச் செய்வோம் என்று சின்னச் சுத்தியலை எடுத்தேன். தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே விரிசல். தட்டினேன். கணீரென்றது. கையால் இறுக்கிப் பிடித்து அதிர்வை நிறுத்தினேன். ஒலி நிற்கவில்லை. பின்வரிசைகளிலிருந்து மெல்ல வந்துகொண்டே இருந்தது.

(ஒரே அளவுத் தண்டுகளில் ஒன்றைத் தட்டினால் மற்றவையும் சேர்ந்து அதிரும். பாலிடெக்னிக்கில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். தேவைப்பட்ட நேரத்தில் அதில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.)

உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன பாஷை என்று சொல்ல முடியாது. "மன்னிச்சிடுங்க," என்றேன். பிறகு கன்னடத்தில், "க்ஷமிசி." அப்புறம் தெலுங்கில், "க்ஷமிஞ்சண்டி."

"எவரு?" என்று தெலுங்கிலேயே பதில் வந்தது.

நான்காவது வரிசைத் தாள்களை விலக்கிக்கொண்டு ஒரு கை நீண்டது. அதற்கும் நாலே விரல்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓசூர் ரோட்டில் பாதி தூரம் வந்தபோது போன் அடித்தது.

"ஏம்மா," குமரேசன் சாரின் குரல் பயங்கர நிதானமாக இருந்தது. "வாட்ச்மேன் நாராயணப்பா போன் பண்றாரு. யாரோ ஒரு பொண்ணு மூணு பாஷையில மன்னிப்புக் கேட்டுட்டு, அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுச்சாம். நீயா?"

"சாவி எங்கிட்டதான் சார் இருக்கு," என்றேன்.

நான் திரும்பிப் போய் ஷட்டரைத் தூக்கியபோது, நாராயணப்பா தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வெயிலு தாங்கலீங்க மேடம். உள்ள செத்த நேரம் படுத்துட்டேன்," என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் கையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"வெரல் முன்னாடியே மெஷின்ல போயிடுச்சுங்க. துருவுல இருக்கறது என் கைதான். எனக்கு வேர்வையில உப்பு ஜாஸ்தி, வெறுங்கையில தொட்டா இரும்பு தாங்காது. இதுங்களுக்குப் பேப்பர் சுத்தித் தொங்கவிட்டது நான்தான். வாங்க வந்தவங்க பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அதோட என்னை வாட்ச்மேனாக்கி கேட்டுக்கு அனுப்பிட்டாங்க." டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அத்தனையும் எடைக்குத்தானா மேடம்?" என்றார்.

பேயிடம் கேட்டதைவிட உண்மையான மன்னிப்பை அவரிடம் கேட்டேன். பிறகு உப்புத்தாளும் எண்ணெயும் எடுத்துத் தேய்த்தேன். மேலோட்டமான துருதான். கை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. நகத்தால் வருடியபோது பள்ளம் தட்டவில்லை. மறுநாள் அவரும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கூட நின்றார். தன் கை ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்து அவருக்கு முகமே தெளிந்தது. ஐந்து வரிசைகளில் பெரும்பாலானவை தேறின.

ஆறாவது வரிசையில் முதல் தாளைப் பிரித்தேன். அதே கை. அதே நாலு விரல்.

நாராயணப்பா கிளவுஸைக் கழற்றினார். தன் கையைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார்.

"இந்த வரிசை நான் கேட்டுக்குப் போனப்புறம் வந்ததுங்க மேடம்," என்றார் மெதுவாக. "இதை நான் தொட்டதே இல்ல."

தாளை இருந்தபடியே சுற்றிவைத்தேன். இருவரும் வெளியே வந்து ஷட்டரை இறக்கினோம். அறிக்கையில், 'ஆறாவது வரிசை: தேறாது' என்று எழுதினேன்.

"தேய்ச்சுப் பாத்தியா?" என்றார் குமரேசன் சார்.

"அவசியம் வரல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். வேலையும் நிரந்தரமானது.

கல்யாணத்துக்குப் பிறகு இதைக் கணவரிடம் சொன்னது என் தப்பு. இப்போது ஃபிரிட்ஜின் மூலையில், யார் எப்போது வைத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லாத டப்பா கிடைத்தால், என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆறாவது வரிசை," என்கிறாள். வீடே சிரிக்கிறது. டப்பா அப்படியே குப்பைக்குப் போகிறது. இதுவரை அதைத் திறந்து பார்க்க ஒருவரும் முன்வந்ததில்லை.