பச்சை மைச் சீட்டு

"நான் எப்ப சார் சைக்கிள் கடை வெச்சேன்? சொல்லுங்க, எப்ப வெச்சேன்?"

பள்ளிக்கூட அலுவலக மேசையில், அவள் வீசிய செய்தி மலர் வந்து விழுந்தது. எழுத்தர் அதைத் தொடவில்லை. எந்தப் பக்கம் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும். 'சாதிக்கும் நம் பழைய மாணவர்கள்' பக்கம் வருடத்துக்கு நான்கு முறை வரும். நான்கு முறையும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

"நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல ஃபாரம் சரிபார்க்கிறவ. நீங்க என்ன போட்டிருக்கீங்க? 'தம் வீட்டு வாசலிலேயே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை திறந்து வெற்றிநடை போடுகிறார்.' காலையில இருந்து வாசல்ல பதினாலு சைக்கிள். எங்கம்மா பால் வாங்க வெளிய போக முடியல."

"சீட்டு மாறியிருக்கும் மேடம்."

தலைமையாசிரியை செய்திகளைப் பச்சை மையில் சீட்டுச் சீட்டாக எழுதி அனுப்புவார். பியூன் கொண்டுவருவார். எழுத்தர் தட்டச்சு செய்து முடித்ததும் சீட்டுகள் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அப்புறம் எதை எதோடு மாற்றினோம் என்று எங்கே போய்ப் பார்ப்பது? மூன்று வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒரு வங்கிக் காவலாளி நீச்சல் பயிற்சியாளராக அச்சாகி, துப்பாக்கியும் கையுமாக வந்து நின்றார். துப்பாக்கியை வராந்தாவில் வைத்துவிட்டு வரும்படி எழுத்தர் மேசைக்குப் பின்னால் குனிந்துகொண்டுதான் சொன்னார். இந்த மலரின் முதல் செய்தியே ஒரு நீச்சல் பயிற்சியாளரின் மாணவிகள் இரண்டு பதக்கம் வாங்கியதுதான். சண்டைக்கு வருகிறவர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள என் வாசல் காலியாகணும். இல்லைன்னா ஹெச்.எம்.கிட்ட எழுத்துலயே குடுத்துடுவேன்."

எழுத்தில் போனால் வேலை போச்சு என்று எழுத்தர் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி.

அன்று மாலையே ஒரு பலகை எழுதிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் மாட்டினார்: 'இங்கே பழுதுபார்க்கச் சைக்கிள் எடுக்கப்பட மாட்டாது.'

மறுநாள் காலையில் இருபத்து மூன்று சைக்கிள்கள் நின்றன.

"வேலை குவிஞ்சு கிடக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் மூன்றாம் வீட்டுத் தையல்காரர், தன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி. "கைராசிக்காரங்கதான் இப்படி போர்டு வைப்பாங்க."

புதன்கிழமை எழுத்தர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரிலேயே வந்தார். வண்டிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. ஒரு நோட்டில் யார் வண்டி, என்ன போன் நம்பர் என்று எழுத ஆரம்பித்தார். ஐந்தே நிமிடத்தில் அவர் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"எனக்கு எத்தனாவது டோக்கன் சார்?"

அவர் ஏறி வந்த சைக்கிளுக்கும் யாரோ சாக்பீஸில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆபீஸிலிருந்து திரும்பியவள் கைப்பையோடு வாசலிலேயே நின்றாள். "சார், நீங்க திருப்பி அனுப்ப வந்தீங்களா, ஆள் சேர்க்க வந்தீங்களா?"

"அவரை ஏண்டி திட்டற?" என்றாள் அவள் அம்மா உள்ளேயிருந்து. "வரிசையாவது ஒழுங்கா நிக்குது."

வியாழக்கிழமை மாலை ஒரு நர்ஸ் வந்தாள். பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. டியூட்டிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. எழுத்தர் நோட்டைத் திறந்தார். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தள்ளுங்க சார். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று, அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தவள் தன் கைப்பையை அவரிடம் கொடுத்தாள். அம்மாவின் தையல் மிஷின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். இரண்டே நிமிடம். நர்ஸ் பறந்துவிட்டாள்.

ஆளை அனுப்பினால் போதும் என்றுதான் செய்தாள். ஆனால் தெரு பார்த்துவிட்டதே. வண்டியைத் திருப்பி எடுக்க வந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள் ஒன்பது வண்டி முடிந்தது. கன்னத்தில் கிரீஸ், முழங்கை வரை கறுப்பு.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் எழுத்தர், கைப்பையை இன்னும் மார்போடு அணைத்தபடி.

"ஏழாவதுல. ஹெச்.எம். அப்ப எங்க கணக்கு டீச்சர். அவங்க சைக்கிள் செயின் தினம் கழண்டுக்கும், நான்தான் மாட்டுவேன். அவங்க என்னைத் திட்டாத நேரம் அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சண்டைக்கு வந்த யாரும் சிரித்து எழுத்தர் அதுவரை பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் புகார் இல்லை, பலகை இருந்தது. "மூணு மாசம் லீவு எழுதிக் குடுத்துட்டேன். இதுல 'மாட்டாது'வை மட்டும் அழிச்சு, ஒழுங்கா எழுதிக் குடுங்க சார்."

அதன்பிறகு எழுத்தரின் சைக்கிளுக்குத் தினமும் ஒரு கோளாறு. திங்கள் பெல், செவ்வாய் பெடல், புதன் மறுபடி பெல். ஒரே வண்டிக்கு அத்தனை சீக்கு வராது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் இருவரைத் தவிர.

அடுத்த மலருக்கான சீட்டுகள் வந்தன. மூன்றாவது சீட்டில் எழுத்தருக்குக் காது சிவந்தது. பச்சை மை, அழகான கையெழுத்து: 'சைக்கிள் கடை நடத்தும் நம் பழைய மாணவி, நம் அலுவலக எழுத்தரை மணந்து, கடைக்கு மேல் மாடியில் குடியேறியுள்ளார்.'

மேசையை ஓங்கித் தட்டிப் பியூனிடம் கத்தினார். "என்னய்யா இது அநியாயம்? நடக்காததை எல்லாம் எழுதினா எப்படி? இப்பவே போய் ஹெச்.எம்.மைக் கேட்கிறேன்."

அதற்கு ஆறாவது மாதம் கல்யாணம் நடந்ததும், மாடிக்குப் பாத்திரம் பண்டம் ஏற்றும்போது மாமியார் கையில் டோக்கன் நோட்டு இருந்ததும் இன்று தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

பியூன் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "பன்னிரண்டு வருஷம் முன்னாடி, 'நம் பழைய மாணவர் இப்பள்ளியிலேயே எழுத்தராகப் பணிபுரிகிறார்'னு உங்களைப் போட்டப்பவும் இதே மேசையைத்தான் சார் தட்டினீங்க, நாற்காலி காலியாத்தானே இருக்கு, உட்கார்ந்து சண்டை போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."