நின்ற லாரியில் ஒடிந்த போல்ட்டுகள்

நாமக்கல்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சித்தார்த் அவர்களுக்கு மாமனார் சண்முகவேல் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அங்கே நீங்களும் மோனிஷாவும் நோய்நொடியின்றி இருக்க முருகன் துணை. போனில் பேசினால் பாதியில் ‘ஆய்வகத்துக்கு நேரமாச்சுங்க மாமா’ என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் பட்டறையில் சங்ககிரிக்காரர் ஒருவருக்கு லாரி பாடி கட்டினோம். பாடியை அடிச்சட்டமான சேசிஸோடு பிடிக்கிற பெரிய போல்ட்டுகள் பளபளவென்று இருக்க வேண்டும் என்றார். ஆசிட்டில் கழுவி, முலாம் பூசுகிற பிளேட்டிங் போட்டு வாங்கி வந்தேன். பிட்டர் மணிமாறன் முறுக்கி முடித்தான். மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், டிக் என்று ஒரு சத்தம். பாரம் ஏற்றவில்லை, வண்டி நகரவே இல்லை, ஒரு போல்ட் இரண்டாக ஒடிந்து கீழே கிடக்கிறது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. அளவு மீறி முறுக்கிவிட்டாய் என்று மணிமாறனை எல்லோர் முன்னாலும் திட்டினேன். “அளவாத்தானுங்க முறுக்குனேன். என் கையில கோளாறுன்னா முறுக்கறப்பவே ஒடஞ்சிருக்கோணும்” என்றவன், ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு சொந்த ஊரான வெண்ணந்தூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

அப்புறம்தான், உலோகத்தை ஆராய்கிறவர் ஆயிற்றே என்று உங்களுக்குப் போன் செய்தேன். ஆசிட்டிலும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும், இறுக்கி இழுத்துப் பிடித்த இடத்தில் போய்ச் சேர்ந்து அதை நொறுங்கவைக்கும், எஃகு உறுதியாக இருக்க இருக்க ஆபத்து அதிகம், உடனே ஒடியாது, சாவகாசமாகத்தான் ஒடியும் என்றீர்கள். பலூனில் அடைக்கிற வாயு என் போல்ட்டை ஒடிக்குமா என்றேன். ஒடிக்கும் என்றீர்கள். பரிகாரம் கேட்டதற்கு, இருநூறு டிகிரியில் சுட்டால் வெளியேறும் என்றீர்கள். அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. சின்னவள் கனிஷ்கா கேக் செய்து விற்கிற ஓவன் இருக்கிறதே! யாருடைய பிறந்தநாளுக்கோ வெந்துகொண்டிருந்த கேக்கை வெளியே வைத்துவிட்டு, மிச்ச போல்ட்டுகளைக் கழற்றி வந்து அடுக்கினேன். கேக் நடுவில் குழிந்துபோயிற்று. கனிஷ்கா வந்து பார்த்து, “ஏனுங்கப்பா, போல்ட்டுக்கு கிரீமும் தடவோணுமா?” என்று மட்டும் கேட்டாள். சுட்டதை நானே முறுக்கினேன். மறுநாள் அதிலும் ஒன்று டிக். மறுபடி கூப்பிட்டால், பிளேட்டிங் போட்ட சில மணி நேரத்துக்குள் சுட வேண்டும், முறுக்கி விரிசல் விட்ட பிறகு சுட்டுப் பயனில்லை, வண்டியை ரோட்டில் விடாதீர்கள் என்கிறீர்கள்.

அதற்குள் சங்ககிரிக்காரர் மாலையோடு வந்துவிட்டார். நல்ல நேரம் போகிறது, சாவி கொடுங்கள் என்கிறார். பாரத்தோடு பாடி கழன்று, பின்னால் வருகிற பைக்குக்காரன்மேல் விழுந்தால்? சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். “என்னைய எப்படி வேணா ஏசிக்கங்க. சாவி தர மாட்டனுங்க” என்றேன். ஏசிவிட்டுத்தான் போனார். நான் நேரே வெண்ணந்தூர் போய், மணிமாறனின் அம்மா ஆராயி பார்த்துக்கொண்டிருக்க, “தப்பு என்னுது சாமி, வா” என்று அவனைக் கூப்பிட்டேன். அவன் யோசித்து, “வாரனுங்க. திட்டுனது எல்லாத்து முன்னாலயும். இதையும் அங்க வந்து எல்லாத்து முன்னாலயும் சொல்லிப்போடுங்க” என்றான். சொன்னேன். பளபளப்பு மொத்தத்தையும் கழற்றி எறிந்து, பிளேட்டிங் இல்லாத கறுப்பு போல்ட் போட்டான். அதற்குப் பிறகு வண்டி சத்தமே இல்லாமல் நிற்கிறது, என்னால்தான் நிற்க முடியவில்லை. பேன் கொக்கி, கேட் தாழ்ப்பாள், குக்கர் கைப்பிடி என்று தட்டித் தட்டிக் காது கொடுத்துத் திரிகிறேன். ஹைட்ரஜன் போல்ட்டுக்குள் போகவில்லை, இந்த மனுசனுக்குள்தான் போயிருக்கிறது என்கிறாள் உங்கள் அத்தை.

ஆக, எல்லாம் நல்லபடி முடிந்தது. உங்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. இனி என் பட்டறையில் எதுவும் மின்னாது. இருவரும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ்க.

இப்படிக்கு,
சண்முகவேல்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சங்ககிரிக்காரர் வந்தார். கோபம் தீர்ந்து வண்டியை எடுத்துக்கொண்டார். தன் பங்காளிக்கும் ஒரு லாரி கட்டச் சொன்னார். அதில் போல்ட் முதல் படிக்கட்டு வரை கண்ணாடியாக மின்ன வேண்டுமாம். என் மாப்பிள்ளையே கூட இருந்து சுட்டுத் தருவார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள். லீவு தராவிட்டால் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். அது பாதி உண்மைதான்.