லிஃப்டில் ஏறிப் பழகிய மைனா

என்னைத் திட்டும் உரிமை என்றும் குறையாத அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்க வேண்டுகிறேன்.

நீ வாங்கி அனுப்பிய கூண்டு இத்துடன் திரும்பி வருகிறது. மைனா பறந்துவிட்டது! ஆமாம், "நீ வளக்கிறது கோழிடா" என்று நீ சிரித்த அதே மைனாதான்.

நடந்ததைக் கேள். லிஃப்டின் மோட்டார் அறையில் கண் திறக்காத குஞ்சாக விழுந்து கிடந்ததை எடுத்து, என் ஸ்டூலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு மாடிக்கு ஒரு வாய் வாழைப்பழம் ஊட்டி வளர்த்தேனா, வந்தது வினை. லிஃப்ட் ஓட்டுகிறவன் வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? இறக்கை முளைத்த பிறகும் கம்பிக் கதவு முன்னால் வந்து நிற்கும், நான் "மேலே!" என்று குரல் கொடுத்ததும் நடந்து உள்ளே வரும், ஐந்தாம் மாடியில் நடந்தே இறங்கும். "இந்தக் கட்டடத்துல வரிசையில நிக்கிற ஒரே ஆளு இதுதான்" என்று டைப்பிஸ்ட் அம்மா மெச்சினார். மானேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பறக்கணும். இல்லேன்னா கூண்டுல போட்டு எங்கேயாவது கொண்டுபோய்க் கொடுத்திடு" என்றுவிட்டார். நானும் கையை ஆட்டிக் காட்டினேன், மேஜை மேலிருந்து குதித்துக் காட்டினேன், கணுக்கால் சுளுக்கியதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை காலை உன் கூண்டை மூன்று முறை துடைத்தேன், அக்கா.

அன்று மானேஜர், "அது ஏறக்கூடாது" என்று மைனாவைக் கீழேயே விட்டுவிட்டு என்னோடு ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் மூச்சை நிறுத்தியது. "யாராவது வாங்களேன்!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார், ஒருவரும் வரவில்லை. நான் பழக்க தோஷத்தில் "மேலே!" என்று ஒரு குரல் விட்டேன். படபடவென்று சத்தம். லிஃப்டைச் சுற்றிப் போகும் படிக்கட்டு வழியே மூன்று மாடியையும் ஒரே மூச்சில் பறந்து வந்து, கம்பிக் கதவில் உட்கார்ந்து என்னைத் திட்டித் தீர்த்தது பார், காது குளிர்ந்துபோனது! பிறகு ஜன்னல் வழியே வெளியே, மரத்துக்கும் மேலே, ஒரே போக்கு! நான் வாய்விட்டு அழுதேன். மானேஜர் தன்னை மறந்து கைதட்டினார்.

இது நடந்து பத்து நாளாகிறது. இனி அதற்கு லிஃப்டும் வேண்டாம், நானும் வேண்டாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாடியில் கதவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்திருப்பது காற்றுக்காகத்தான்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வானத்துக்கே ஒரு மைனாவைத் தானம் கொடுத்த
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வந்துவிட்டது. கம்பிக் கதவு முன்னால் நிற்கிறது. அதன் பின்னால் இன்னொரு மைனா, அதுவும் வரிசையில். கதவைத் திறந்து பிடித்திருப்பது மானேஜர். "சீக்கிரம் வாய்யா, அதுங்க ரெண்டும் எவ்வளவு நேரமாக் காத்திருக்கும்!" என்கிறார்.