பஞ்சரண்ணா தூங்கினால் டீம் தோற்கும்

சூரியன் கிழக்கே உதித்தால்கூட "இன்னிக்கு யாரு சொல்லி உதிச்சான்?" என்று கேட்கக்கூடிய ஒரு மனிதர் கள்ளக்குறிச்சியில் இருந்தார். துருகம் ரோட்டில் சைக்கிள் கடை. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. ஒரு தடவை கேட்டேன். "எதுக்குக் கேக்கற? யாரு கேட்டுக்கினு வரச் சொன்னா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஊருக்கு அவர் பஞ்சர்க்காரர், எங்களுக்குப் பஞ்சரண்ணா.

தொழில் அவரை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்தத் தொழிலுக்கு வந்தாரா என்பது தெரியாது. நாள் முழுக்க டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழ் கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர்களையும் அதே பார்வைதான் பார்ப்பார். பக்கத்துக் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தபோது, "எனக்கு ஏன் முதல்ல வைக்கற?" என்று கேட்டு அந்த ஆளை வியர்க்க வைத்தவர். கல்யாணத்துக்குப் போனார். போய், மாப்பிள்ளையைச் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் பின்தொடர்ந்தார்.

இப்பேர்ப்பட்டவர் உயிரையே வைத்திருந்தது எங்கள் ஊர் வாலிபால் டீமின் மேல். இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடியைக் கடவுளே நினைத்தாலும் சேர்த்திருக்க முடியாது. ஏனென்றால் அந்த டீமை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது. சின்னசேலத்துக்குப் போய், ஆளுக்கொரு பனைமரம் உயரத்தில் இருந்த டீமை நேர் செட்டில் அடித்துவிட்டு வருவார்கள். அடுத்த ஞாயிறே ஏதோ ஒரு கிராமத்தில், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்களிடம் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். பெரிய ஊர் என்றால் வெற்றி, சின்ன ஊர் என்றால் தோல்வி. உலகத்தில் வேறு எந்த டீமும் இப்படித் தலைகீழாக ஆடியிருக்காது.

நான் அப்போது படித்து முடித்து வேலைக்கு மனுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். எல்லா மேட்ச்சுக்கும் பஞ்சரண்ணாவோடு போவேன். என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"நீ ஏன் எல்லா மேட்ச்சுக்கும் வர்ற?"

"நீங்க ஏண்ணா வர்றீங்க?"

"நான் உன்னப் பாக்க வர்றேன்."

ஆட்டத்துக்கு முன்னால் பந்தைச் சோதிக்கும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். சோதனை என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும். தோல் பந்தைத் தண்ணீரில் முக்குவது. பந்து ஊறி, பூசணிக்காய் கனத்துக்கு வந்துவிடும். முதல் சர்வீஸை எடுத்தவன் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "கைய உதறுறான் பாரு. நடிக்கறான்," என்பார்.

ஜெயித்தால் அவருக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தி. "அவன் ஏன் நம்மள ஜெயிக்க வுட்டான்? அத யோசி." தோற்ற நாளில் அவர் ஒன்றும் பேசமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. தோற்ற ஆட்டம் எதையும் அவர் முழுதாகப் பார்த்ததே கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் ஆட்டத்துக்கு வந்த டீமைச் சாப்பிட வைக்காமல் களத்தில் இறக்கமாட்டார்கள். பெரிய ஊர் என்றால் ஒரு டீ, ஒரு பன்னோடு சரி. கிராமம் என்றால் காலையிலேயே ஆடு வெட்டிவிடுவார்கள். இலையில் மிச்சம் வைத்தால் அந்த ஊருக்கே அவமானம். அண்ணா எங்கே போனாலும் டீமோடு பந்தியில் உட்காருவார். "சோத்துல இன்னா கலக்கறான்னு பாக்கணும் இல்ல? டெஸ்ட் பண்றேன்." நன்றாக, விரிவாக டெஸ்ட் பண்ணுவார். ரசம் வரைக்கும் டெஸ்ட் பண்ணுவார். பிறகு ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்து, "ஒரு நிமிஷம் கண்ண மூடிப் பாக்கறேன்," என்று படுப்பார். எழுந்திருக்கும்போது நாங்கள் தோற்று முடிந்திருக்கும்.

இதிலிருந்து அவர் கண்டுபிடித்த உண்மையை ஒரு நாள் என் காதில் சொன்னார்.

"நான் முழிச்சிருந்தா ஜெயிக்கறானுங்க. நான் தூங்கசொல்ல தோக்கறானுங்க. இன்னா அர்த்தம்? எனக்கு மருந்து வச்சித் தூங்க வச்சிட்டு, அப்புறமாத் தோக்கறானுங்க. டீமுக்குள்ள ஒருத்தன் இருக்கறான்."

அந்த ஒருத்தன் யார் என்று தேடுவதுதான் பல வருஷம் அவருடைய வேலை. டீமில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் மாசி, காலனிப் பையன். அதை எகிறி அடிப்பவன் தனா, ஊருக்குள் கரும்பு விவசாயம் செய்த வீட்டுப் பையன், அவன்தான் கேப்டன். மாசி தூக்கினால் பந்து கயிறு கட்டி விட்டதுபோல் வலைக்கு மேலே நிற்கும். தனா அடிப்பான். அண்ணா இரண்டு பேரையும் ஒரே அளவுக்குச் சந்தேகப்பட்டார். மாசி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் விசாரணை, தனா மீசை எடுத்துவிட்டு வந்தால் விசாரணை.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோட்டோரத்து மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்தன. பஸ் இல்லை, கரும்பு வண்டி இல்லை. படிப்பும் வேலையும் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. அடி வாங்கின ஊர்கள் இருந்தன, எரிந்த குடிசைகள் இருந்தன. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பார்வை மாறிவிட்டது. கூடப் படித்தவனைப் பார்த்து "நீ எந்தத் தெரு?" என்று கேட்கிற காலமாகிவிட்டது. அதுவரைக்கும் ஊரில் சந்தேகப்படுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். இப்போது எல்லோரும் அவருடைய தொழிலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் படுதோல்வி. மாசி தூக்கிய பந்து ஒன்றுகூடத் தனா கைக்கு எட்டவில்லை. மறுநாள் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. வேண்டுமென்றே தூக்கவில்லையாம், அவன் புத்தியைக் காட்டிவிட்டானாம். தனா அதை மறுக்கவில்லை, மாசியோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். டீமுக்குப் பனியன் வாங்கிக் கொடுக்கும் உரக்கடைக்காரர், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தார். மாசி டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தான். மாசி போனால் டீம் போச்சு. டீம் மட்டுமா போகும்?

"நீதான் ரொம்ப நாளா சொல்லிக்கினு இருக்கற, உள்ள ஒருத்தன் இருக்கறான்னு," என்றார் உரக்கடைக்காரர். "இவன்தான? சொல்லு. இன்னியோட நிறுத்திடலாம்."

அண்ணா டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே மாசியைப் பார்த்தார். "ஆமா. இவன் மேல எனக்குச் சந்தேகம்தான்."

மாசியின் முகம் செத்துப்போயிற்று.

"தனா மேலயும் சந்தேகம். இதோ நிக்கறானே, வேலவெட்டி இல்லாம, இவன் மேலயும் சந்தேகம்." என்னைத்தான். "உன் மேல அதவிட ஜாஸ்தி. பனியன் ஏன் சும்மா வாங்கித் தர்ற?"

"யோவ், நான் அதச் சொல்லல. இவன் எந்தத் தெருன்னு..."

"தெருவுல இன்னாய்யா இருக்குது? தெருவா மேட்ச் ஆடுது? அன்னிக்கு இவன் தின்ன அதே சோத்த நான் தின்னேன். புளியமரத்தடியில கட்டையா உழுந்தேன். எனக்கே கை தூக்க முடியல, இவன் எப்படிப் பந்து தூக்குவான்? தனா எப்படி எகிறுவான்? எல்லாருக்கும் மருந்து வச்சிட்டானுங்கய்யா!"

"மருந்தா? இன்னா மருந்து?"

"கறிக்கொழம்புலதான்!"

யாரோ ஒருத்தர் முதலில் சிரித்தார். "எத்தினி தடவ வாங்கி ஊத்திக்கின?" என்று கேட்டார். அப்புறம் கடை வாசலே சிரித்தது. உரக்கடைக்காரர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார், முடியவில்லை. அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த மேட்ச்சுக்கு ஒருத்தனும் ஆட்டத்துக்கு முன்ன வாய வைக்கக் கூடாது," என்று உத்தரவு போட்டுவிட்டு டியூபைத் திருப்பினார்.

அடுத்த மேட்ச் கல்வராயன் மலை டீமோடு. கோமுகி அணைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். பஸ் இல்லாததால் சைக்கிளில் போனோம். மாசி முதலில், தனா கடைசியில். வழியில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணா சைக்கிளை விட்டு இறங்கி நேராகக் கேட்டார்.

"எங்க மேட்ச்ச நிறுத்தத்தான இத வெட்டுனீங்க?"

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் ஒருவர் மாசியைப் பார்த்துவிட்டு, "இவன் யாரு? எந்தத் தெரு?" என்றார்.

அண்ணா அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் அதத்தான் கேக்கறியா? இவன் பந்து தூக்கறவன். இவன வுட்டா தூக்க ஆள் இல்லன்னு உனக்கு யாரு சொன்னா? மலை டீம்காரனா?"

அந்த ஆள் மிரண்டுபோய், "எனக்கு யாரும் சொல்லலங்க," என்றார். அவராகவே ஒதுங்கி வழி விட்டார், சைக்கிள்களைத் தூக்கி மரத்தைத் தாண்டினோம்.

மலையடிவாரத்தில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் தயார். வரிசையாக இலை போட்டுவிட்டார்கள். "ஆட்டம் முடிஞ்சி சாப்புடறோங்க," என்று தனா சொன்னதும் மலைக்காரர்களின் முகம் விழுந்துவிட்டது. போட்ட இலையை எப்படி எடுப்பது? எங்க சோறு ஆகாதா என்று அந்த முகங்கள் கேட்டன.

"இலைய எடுக்காதீங்க," என்று அண்ணா முன்னால் வந்தார். "டீம் பேர்ல நான் சாப்புடறேன்."

சாப்பிட்டார். முதல் இலை, அடுத்த இலை, அதற்கடுத்த இலை. மலைப் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். எங்கள் டீமுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே கொடுக்கக் கிளம்பியவர் அவர் ஒருவர்தான். கடைசி இலையை மடித்துவிட்டு, எழுந்திருக்காமல், அங்கேயே சாய்ந்தார்.

அந்தக் குறட்டைச் சத்தத்தில்தான் ஆட்டம் நடந்தது. முதல் பந்தை மாசி தூக்கினான். பந்து வலைக்கு மேலே நின்றது. தனா ஒரு கணம் மாசியைப் பார்த்தான். பிறகு எகிறி அடித்தான். வெறும் வயிற்றில் இரண்டு பேரும் பேயாட்டம் ஆடினார்கள். ஜெயித்ததும் தனா மாசியின் தோளில் கைபோட்டு, "இன்னாடா இப்படித் தூக்கற?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணா புரண்டு படுத்தார்.

பிறகு நாங்கள் சாப்பிட்டோம். அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மாசியோடு சேர்த்துத் துண்டால் கட்டினோம். சாயங்காலம் அந்தப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவரை எப்படித் தாண்ட வைப்பது என்று தெரியாமல் நின்றோம். காலையில் "எந்தத் தெரு?" என்று கேட்டவரே மரத்திலிருந்து இறங்கி வந்தார். மாசி தோளைப் பிடிக்க, அவர் காலைப் பிடித்தார். இரண்டு பேரும், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு தூக்கினார்கள். சரியாக மரத்துக்கு மேலே வரும்போது அண்ணா கண்ணைத் திறந்தார்.

"இன்னாடா, எங்க தூக்கிக்கினு போறீங்க? யாரு சொல்லி?"

அந்தப் பக்கம் இறக்கி மறுபடியும் கேரியரில் உட்கார வைத்தோம். "ஜெயிச்சிட்டோம்ணா," என்றான் மாசி.

"நான் தூங்கசொல்லயா? இருக்காதே." யோசித்தார். "நீங்க எல்லாரும் ஒண்ணா சேந்துக்கினு எங்கிட்ட எதையோ மறைக்கறீங்க."

வழி முழுக்க எங்களை விசாரித்துக்கொண்டே வந்தார். ஆனால் மாசியின் இடுப்பைப் பிடித்திருந்த கையை ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "ஏன் பிடிக்கும்?" என்று கேட்டிருப்பார்.