தட்டு என்னிடம், கோப்பை பாம்பூஃப்ளாட்டில்

அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

கடல் தாண்டித் தீவில் மின்னி பே வீட்டிலிருந்து உன் அண்ணன் பழனிசாமி எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே கோபியில் நீயும், மாப்பிள்ளையும், அவருடைய முழங்கால் வலியும், போன மாதம் கன்று போட்ட எருமையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் காளியம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நீ கேட்பாய். கடலுக்கு அடியில் கேபிள் போட்ட பிறகு இங்கே சிக்னலுக்குக் குறைவே இல்லை அம்மிணி. முன்பெல்லாம் "அண்ணா, ஒண்ணுமே கேக்கலீங்கண்ணா" என்று நீ வைத்தால் நானும் நம்பினேன். இப்போது நம்புவதற்கில்லை. நான் ஜப்பான் கப் பற்றிப் பேச ஆரம்பித்தவுடன் தவறாமல் உன் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. கடுதாசியைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வந்து மாடி அறையில் இரு என்று நீயும் மாப்பிள்ளையும் வருஷக்கணக்காகச் சொல்வதற்கு இப்போது சம்மதம். வருகிறேன். உன் அண்ணி வைஜெயந்தி போன பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? பிள்ளை குட்டி இல்லை. ஆபீசில் இருந்த காலத்தில் ஸ்டோர் கீப்பர் கையெழுத்துக்காக வாசலில் நின்றவர்கள் எல்லாம் இப்போது அபர்தீன் பஜாரில் பார்த்தால் "நமஸ்தே பழனி சாப்" என்று நடந்துகொண்டே சொல்கிறார்கள். நிற்பதில்லை. தனியாகத்தான் இருக்கிறது அம்மிணி, சொல்வதில் என்ன வெட்கம்? டிவிகாரன் நாள் முழுக்கப் பேசுகிறான், நான் பதில் சொன்னால்தான் காதில் வாங்குவதில்லை. ஆகவே வருகிறேன். ஆனால் அதற்கு முன் நீ எனக்கு ஒரே ஒரு காரியம் முடித்துக் கொடுக்க வேண்டும். அது ஒரு கப்.

பால் பொங்குகிறதா? பொங்கட்டும், படி.

உன் அண்ணி பால் தம்ளரை மூடி வைக்க ஒரு சின்னத் தட்டு வைத்திருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? அவள் காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் கப்பல் ஏறிப் போன பிறகு, நானே பாத்திரம் கழுவ உட்கார்ந்தபோதுதான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்பாக ஜப்பான் எழுத்து இரண்டு, மேலே ஓரத்தில் நீலத்தில் ஒரு கொக்கு. இத்தனை வருஷம் பாலை மூடியது ஜப்பான்காரன் பீங்கான். சண்டைக் காலத்தில் அவன் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தானே, அப்போது விட்டுப்போனதாக இருக்கும். அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கலாம் என்றால் கேட்பதற்கு அவள் இல்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்குத்தான் இது. பழைய சாமான் கடை, இடித்த வீடு, தெரிந்தவர்கள் சமையற்கட்டு என்று தேடித் தேடிச் சேர்த்தேன். மாயாபந்தரில் ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த கப்பை வாங்கி வருவதற்குள் கோழி என்னைத் துரத்தியது. இப்போது அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் பார், கப் இருந்தால் அதற்குத் தட்டு இல்லை, தட்டு இருந்தால் கப் இல்லை. வீட்டில் ஒன்றுக்கும் ஜோடி கிடையாது, என்னையும் சேர்த்து. காலையில் டீயை ஒரு கப்பில் குடித்தால் மற்றவை கோபித்துக்கொள்ளுமோ என்று நாளுக்கு ஒன்றாக மாற்றிக் குடிக்கிறேன். சிரிக்காதே.

இப்படி இருக்கையில், என்னிடம் முன்பு வேலை பார்த்த விஜயன் பாம்பூஃப்ளாட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சக் கூப்பிட்டான். சாத்தம் ஜெட்டியில் போட் ஏறினால் எதிர்க்கரைதான். போனேன். அவன் அம்மா ஒச்சம்மா, சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர், புருஷன் இல்லை, நல்ல கம்பீரமான அம்மாள், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளர், மகனுடைய பழைய ஆபீசர் என்ற மரியாதையில் எனக்கு மட்டும் பீங்கான். வாங்கிப் பார்த்தால் அம்மிணி, கப்பின் வயிற்றில் நீலக் கொக்கு! நம் வீட்டுத் தட்டில் இருக்கும் அதே கொக்கு, அதே வளைந்த கழுத்து! அடியில் அந்தச் சிவப்பு எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால்தானே நிச்சயம்? டீ நிறைய இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் கப்பை அப்படியே தலைக்கு மேலே தூக்கினேன். எழுத்து இருந்தது. பார்த்துவிட்டேன். அதற்குள் பாதி டீ என் மூக்கில், மீதி சட்டையில்.

சுட்டதுகூடப் பெரிதில்லை. நான் அண்ணாந்து குடிக்கப் போய்த் தவறவிட்டேன் என்று வீடு முழுக்க நினைத்துவிட்டது. ஒச்சம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. "ஏன்யா, எங்க வீட்டுக் கோப்பையில வாய் வைக்க ஏலாதோ? கடல் தாண்டி வந்தும் இது தீரல்லையோ?" என்று கேட்டார். நம் ஊர் டீக்கடைத் தம்ளர் கதையெல்லாம் உனக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் அண்ணாந்து குடிப்பவனுக்கு அர்த்தம் ஒன்றுதானே. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. "ஐயையோ, இல்லீங்கம்மா, அடியிலே என்ன போட்டிருக்குதுன்னு பார்த்தேனுங்க" என்றேன். "என்ன போட்டிருக்கோம்? தேயிலையும் சீனியுந்தான் போட்டிருக்கோம். விசமா போடுவாங்க?" என்றார் அந்த அம்மாள். வினை இரண்டாக ஆனது. விஜயன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் நானே அடுப்படி வாசலில் போய் நின்று, "இன்னொரு டீ கொடுங்க" என்று கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்க உதட்டை வைத்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிக் குடித்தேன். அது போதாது என்று மேலும் ஒன்று. அப்புறந்தான் ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "மெதுவா குடிங்கய்யா, கோப்பையையும் முழுங்கிறப் போறீங்க" என்றார்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடுதாசிக்கு வேலையில்லை. அந்த வாரமே, அவர்கள் பக்கத்து வீட்டு முனியாண்டி, பஜாரில் ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பவன், தினம் போட்டில் வந்து போகிறவன், என் வாசலில் வந்து நின்றான். கையில் அதே நீலக் கொக்குக் கப், நிறையக் கட்டச் சம்பல், மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்த துவையல். "ஒச்சம்மாக்கா குடுத்து விட்டாங்க அங்கிள். டேஸ்ட் பாருங்க, பஹுத் தீக்கா ஹை" என்றான். சாப்பிட்டேன். காது வழியாகப் புகை வந்தது. ஆனாலும் மனம் குளிர்ந்துதான் இருந்தது அம்மிணி, கப் என் வீட்டுக்கே வந்துவிட்டதே!

ஆனால் வைத்துக்கொள்ள முடியுமா? பண்டம் வந்த பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வெறும் பாத்திரமாகவும் தரக் கூடாது. அம்மா நம்மை அப்படியா வளர்த்தாள்? அடுப்பில் வெந்நீருக்கு மேல் வைத்தறியாத நான், ஒரு கப்பை நிரப்புவதற்காகக் குக்கர் நிறைய அரிசியும் பருப்புமாகச் சோறு ஆக்கி, அந்தக் கப் போக மிச்சத்தை நாள் கணக்கில் தின்று தீர்த்தேன். கப் போயிற்று. திரும்பி வந்தது, உள்ளே மரவள்ளிக்கிழங்குப் புட்டு. கூடவே முனியாண்டி வாய் வழியாக ஒரு சேதி: "ஐயா உப்பு மறந்துட்டீங்களா, இல்ல டாக்டர் வேணாமுன்னாரான்னு அக்கா கேட்டாங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவை எள்ளுச் சட்னி அனுப்பினேன். "இது உப்பு மட்டுந்தான் இருக்கு" என்று சேதி வந்தது. இப்படியே போகிறது, வருகிறது. முனியாண்டிதான் பாவம், ஒரு நாள் போட் கூட்டத்தில் என் ரசத்தை ஒரு அம்மாள் சேலையில் கவிழ்த்துவிட்டான். "அந்த மேடம் ஹிந்தியில திட்டுறாங்க, அப்புறம் பெங்காலியில திட்டுறாங்க, நான் க்யா கரூம் அங்கிள்? கெட்டியா எதாச்சும் சமைங்க" என்று என்னிடம் அழுதான். அதிலிருந்து கெட்டியாகத்தான் சமைக்கிறேன்.

நடுவில் நான் ஒரு தந்திரமும் பண்ணிப் பார்த்தேன். கப்பை இங்கேயே நிறுத்திக்கொண்டு, எவர்சில்வர் டப்பாவில் தக்காளித் தொக்கை அனுப்பினேன். டப்பா மறுநாளே மீன் குழம்போடு வந்தது. "கோப்பை எங்கேன்னு அக்கா கேட்டாங்க. அதுலதான் அவங்க அரிசி அளக்குறது. ரெண்டு நாளா சோறு கூடிப்போகுதாம், இல்லாட்டி கொறஞ்சு போகுதாம்" என்றான் முனியாண்டி. என்ன செய்ய? கடலைமாவு லட்டை நிரப்பிக் கப்பை அனுப்பிவிட்டேன். வாய் விட்டுக் கேட்கவும் வெட்கம். எதிர்க்கரையில் இருக்கும் பெண்பிள்ளையிடம், அதுவும் தனியாக இருக்கும் நான், "உங்கள் கப் எனக்கு வேண்டும்" என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

ஆகவேதான் உன்னைப் பிடிக்கிறேன். பெண்ணுக்குப் பெண் பேசினால் முடிந்துவிடும். விஜயன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒச்சம்மாளைக் கூப்பிட்டு, எங்கள் அண்ணி ஞாபகமாக ஒரு தட்டு இருக்கிறது, அதற்கு உங்கள் கப்தான் ஜோடி, அண்ணன் ஊருக்கு வரப்போகிறார், மனம் வைத்துக் கொடுங்கள் என்று பதமாகச் சொல்லு. அரிசி அளக்க நான் நல்ல வெண்கல ஆழாக்கே வாங்கித் தருகிறேன். அந்தக் கப் கைக்கு வந்த மறுநாள் வீட்டை விலை பேசி, அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன். இது வைஜெயந்தி மேல் ஆணை. முனியாண்டியிடம்கூட இந்தத் தட்டைக் காட்டி, ஊருக்குப் போகப் போவதைச் சொல்லிவிட்டேன். மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல், ஜன்னல் ஓரம் அலமாரி ஒன்று மட்டும் போதும்.

மாப்பிள்ளைக்கு முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும். பேரன் கணக்கில் தேறட்டும். எருமை படி குறையாமல் கறக்கட்டும். உனக்குத் தீர்க்காயுசும், அண்ணன் பேச்சைக் கடைசி வரை கேட்கும் பொறுமையும் காளியம்மன் கொடுக்கட்டும்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
பழனிசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முனியாண்டி வந்துவிட்டான். கப்பைக் கொடுத்தான். கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது, கனம் இல்லை. கழுவித் துடைத்து, வெறும் கப். "ஐயா மெயின்லேண்ட் போறாங்களாமே, ஆசைப்பட்ட பொருளைக் கொண்டு போகட்டும்னாங்க அக்கா. அந்தத் தட்டு விசயம் நாந்தான் சொன்னேன். அரிசி அளக்க டம்ளர் வாங்கிட்டாங்க. திருப்பி ஒண்ணும் அனுப்ப வேணாமாம்" என்றான். "முபாரக் அங்கிள்" என்று கை வேறு கொடுத்தான். தட்டில் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இத்தனை நாள் தவித்தது கிடைத்தால் மனிதன் குதிக்க வேண்டுமா இல்லையா? நான் குதிக்கவில்லை அம்மிணி. திருப்பி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்றால் முனியாண்டிக்கு இனி என் வீட்டில் என்ன வேலை? என் சமையலில் உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்? விளக்கு வைக்கும் வரை அந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். ஒச்சம்மாளுக்குப் போன் பண்ணாதே. மாடி அறையில் மாப்பிள்ளை தேங்காய் போட்டு வைக்கட்டும், நான் வரவில்லை. ஆணையிட்டதற்கு வைஜெயந்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். கப்பையும் தட்டையும் சேர்த்து நாளைக்கு நானே போட்டில் எடுத்துப் போய் அந்த அம்மாள் கையில் கொடுக்கப் போகிறேன். ஜோடி அங்கேயே இருக்கட்டும், எனக்குக் குடிக்க வேண்டுமானால் போய்க் குடித்துக்கொள்கிறேன். வெறும் கப்பாக எடுத்துப் போக முடியாதே என்று இப்போது கச்சாயம் சுட அடுப்பு மூட்டியிருக்கிறேன். வெல்லப் பாகு முறுகிக் கல்லாகிவிட்டது, மறுபடி வைத்திருக்கிறேன். இந்தக் கடுதாசி கடல் தாண்டி உன் கைக்கு வருவதற்குள் சுட்டு முடித்துக் கொடுத்தும் விட்டிருப்பேன். இருந்தாலும் பாகுப் பதம் எப்படிப் பார்ப்பது என்று விவரமாக எழுதி அனுப்பு. அடுத்த தடவைக்கு ஆகும்.